மாளாவுக்கு ஒரு விமானப்படை

மாளாவில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு கிடைக்கவில்லை. முடிவு கிடைத்தது.

வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். மே மாதத் தார் ரோடு காலைச் சுட்டது. நெஞ்சு அதைவிட அதிகமாகச் சுட்டது. ஒரு மனிதன் ஐம்பத்துமூன்று வயதில் தனக்கென்று ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் வைத்துக்கொள்ளக் கூடாதா? அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் எங்கே போய் உட்காருவான்? ரயில்வே பிளாட்பாரத்திலா?

மாளா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாராவியில் எங்கள் வீடு ஒரே ஒரு அறை. அதன் தலைமேல் இன்னொரு அறை. இரும்பு ஏணியில் ஏறி, தரையில் உள்ள ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, பிறகு உடம்பையும் இழுத்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நின்றால் தகரம் தலையைத் தட்டும். அதுதான் மாளா. என் பெயர் ஜெயினுலாப்தீன். பை தைக்கும் கார்கானா வைத்திருக்கிறேன். அங்கே ஒன்பது பேர் எனக்கு சலாம் சொல்வார்கள். வீட்டில் எனக்கு சலாம் சொன்னது அந்த மாளாவின் தகரம் மட்டும்தான். அதுவும் நெற்றியில்.

அங்கேதான் என் விமானங்கள் இருந்தன.

சிரிக்காதீர்கள். சிரித்தவர்களை நான் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டேன். கார்கானாவில் மிஞ்சும் ரெக்ஸின் துண்டுகளை வெட்டி, உள்ளே ஸ்பாஞ்சு அடைத்து, என் கையாலேயே தைத்த போர் விமானங்கள். மொத்தம் பதினான்கு. குடைக்கம்பியை ஒடித்துத் துப்பாக்கி. சட்டைப் பொத்தானில் சக்கரம். எல்லாமே ஒரே இனம். வானத்தில் விமானத்தோடு விமானம் மோதும் கதையில் எனக்கு அக்கறை கிடையாது. கீழே பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, தலை தூக்க முடியாமல் கிடக்கிறானே காலாட்படைக்காரன், அவன் கூப்பிட்டதும் ஓடி வந்து அவன் பக்கத்து எதிரியை மட்டும் அடித்துக் காப்பாற்றும் விமானம் எது? உலகத்தில் அதில் சிறந்தது எது? இதுதான் பதினைந்து வருடமாக என் ஆராய்ச்சி. கல்யாணமான எவனுக்கும் இந்தக் கேள்வியின் அருமை புரியும்.

என் கட்சி அமெரிக்காவின் ஏ-10. எதிர்க்கட்சி பக்கத்து வீட்டு கணேசபாண்டியன் அண்ணாச்சி. காலையில் இட்லி வியாபாரம், மாலையில் ரஷ்யாவின் சுகோய்-25. ஞாயிறுதோறும் நாலு மணிக்கு மாளாவில் எங்கள் மாநாடு நடக்கும்.

"உம்ம ஏ-10 மணிக்கு எழுநூறு கிலோமீட்டர தாண்டுமாவே? சுகோய் தொள்ளாயிரத்துக்கு மேல போவும்."

"மெதுவாப் போறதுதான் அண்ணாச்சி அதோட அழகு. கீழ நிக்கது நம்மாளா, எதிரியான்னு பாத்து அடிக்கும்."

"அது பாத்து முடிக்கதுக்குள்ள நம்மாளு மவுத்தாயிருவான்."

"விமானி உக்காந்திருக்க எடத்தச் சுத்தி டைட்டானியத் தொட்டி அண்ணாச்சி! குளிக்கிற தொட்டி கணக்கா!"

"சுகோய்லயும் தொட்டி இருக்குவே. நாங்க மட்டும் குளிக்காமலா பறக்கோம்?"

"பதினோரு எடத்துல குண்டு தொங்கவிடலாம்."

"இதுல பத்து. ஒண்ணு கொறஞ்சா உயிரா போயிரும்?"

"எத்தன ஓட்ட விழுந்தாலும் பத்திரமா வீடு திரும்பும்!" என்று நான் தரையைத் தட்டுவேன். என் வாதத்தின் சிகரம் அது. ஞாயிறுதோறும் குறைந்தது நாலு தடவை சொல்வேன். கீழே சமையல்கட்டு வரை கேட்கும்படி சொல்வேன். அதற்காகப் பின்னால் இவ்வளவு வருத்தப்படுவேன் என்று அப்போது தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ டம்ளரோடு ஏணியில் பாதி ஏறி நின்ற என் மனைவி நூர் நிஷா கேட்டாள்.

"இது ரெண்டுல எது நம்ம நாட்டுப் பட்டாளத்துல இருக்கு?"

நானும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ரெண்டும் இல்ல" என்றேன்.

"ரெண்டுமா?"

"நம்மகிட்ட வேற இருக்கு. ஹெலிகாப்டர் இருக்கு, ஜாகுவார் இருக்கு..."

"அப்பொ இங்க இல்லாத ரெண்டு சாமானுக்கு நான் வாராவாரம் டீ போடுதேன்."

டம்ளரை வைத்துவிட்டு இறங்கினாள். டீயில் அன்று சீனி இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏ-10க்கு அமெரிக்காக்காரன் செல்லமாக ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறான். உலகத்தில் எத்தனையோ பிராணி இருக்க, எங்கள் வீட்டில் பெயரைக்கூட எடுக்காத பிராணியைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறான். எனக்கு அவன்மேல் உள்ள ஒரே மனத்தாங்கல் அதுதான். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அண்ணாச்சி என் காதுக்கு அருகில் வந்து, "உம்ம விமானத்துக்குப் பேரு பன்னிதான? உம்ம வீட்டம்மாவக் கூப்பிட்டுச் சொல்லட்டா?" என்பார். நான் உடனே அந்தச் சுற்றை அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். இதுவா வாதம்? இது மிரட்டல்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

"மாளா எனக்கு வேணும்" என்றாள் நூர் நிஷா. உப்பு வேணும் என்பது போலச் சொன்னாள்.

"என்னத்துக்கு?"

"மூணு மெஷின் போட்டு நைட்டி தைக்கப் போறேன்."

"என் விமானமெல்லாம்?"

"பறக்கத்தான செய்யும்? பறந்து போவட்டும்."

"நூரு, அது என் எடம்!"

"கீழயும் உங்க எடம்தான். கார்கானாவும் உங்க எடம். எனக்கு எது எடம்? அடுப்படியா? அதுல கால நீட்டுனா செவுரு இடிக்கி."

"முடியாது" என்றேன். "முடியவே முடியாது. என் மையத்து மேலதான் அங்கன மெஷின் வைக்கலாம்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

"சரி."

என் இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் இப்படி மூன்று தடவைதான் "சரி" சொல்லியிருக்கிறாள். முதல் "சரி"யில் என் மீசை போனது. இரண்டாவதில் சிகரெட் போனது. மூன்றாவதில் என் ஸ்கூட்டர் போனது. இது நாலாவது. அதனால்தான் மறுநாள் பள்ளிவாசல் படியில் அந்த முடிவு. தனியாக நின்றால் நான் காலி. உதவி வேண்டும். மேலிருந்து உதவி வேண்டும்.

பதினைந்து வருட ஆராய்ச்சி எதற்கு இருக்கிறது? ஒரு நோட்டை எடுத்தேன். சொந்தபந்தத்தை விமானங்களாக எழுதினேன். நூர் நிஷா எதிரில் வாய் திறக்கும் தைரியம் உள்ளவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர்தான்.

முதலாவது, என் காக்கா ரஹ்மத்துல்லா. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். செம்பூரில் ஆபீஸ் உத்தியோகம், திலக் நகரில் ஃபிளாட். எப்போதும் அவசரம். சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும் வாட்சைப் பார்த்துக்கொண்டே நுழைவார். என் கணக்கில் அவர் அதிவேக ஜெட். குடும்பத்தில் மூத்தவர் என்ற கனமான குண்டு அவரிடம் இருக்கிறது. ஒன்றே ஒன்று போட்டால் போதும்.

சனிக்கிழமை வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு நூர் நிஷா கொடுத்த டீயைக் குடித்தார்.

"காக்கா, நீங்களே நியாயத்தச் சொல்லுங்க" என்றேன்.

"தம்பி, மாளாவ அவட்ட குடுத்துரு. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

கண்ணாடியை இறக்கினார். போய்விட்டார். வாசலில் நுழைந்து வாசலைத் தாண்டியது வரை மொத்தம் ஏழு நிமிஷம். குண்டு சரியாக என் தலையில் விழுந்திருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி?" என்று கணேசபாண்டியனிடம் குமுறினேன். "வேகமா வாரவனுக்குக் கீழ யாரு நம்மாளு, யாரு எதிரின்னு தெரியவே தெரியாது. இதத்தான பதினஞ்சு வருசமாக் கத்துதேன்?"

"அதுக்குத்தான்வே நடுத்தரமா ஒரு சுகோய் வேணுங்கது."

"எங்க சொந்தத்துல நடுத்தரமே கிடையாது அண்ணாச்சி."

மிச்சம் ஒருத்திதான். உல்லாஸ்நகரில் இருக்கும் என் ஆபிதா லாத்தா. எனக்கு ஏழு வயது மூத்த அக்கா. அவள் புருஷன் காசிம் மச்சானுக்கு அங்கே துணி வியாபாரம். லாத்தா மெதுவாக நடப்பாள். சத்தமாகப் பேசுவாள். என்ன ஏசினாலும் உடம்பில் ஏறாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் கிளம்ப மாட்டாள், தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். இது யார் லட்சணம்? ஏ-10 இன் லட்சணம்! எனக்குப் புல்லரித்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், லாத்தாவுக்கும் நூர் நிஷாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. லாத்தா மகள் கல்யாணத்தில் பிரியாணியில் உப்பு கம்மி என்று நூர் நிஷா சொல்லிவிட்டாள். அதுவும் சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி. அதை அல்லாஹ்கூட மன்னிக்கலாம், லாத்தா மன்னிக்க மாட்டாள் என்பது ஊரறிந்த விஷயம்.

உடனே போன் போட்டேன்.

"லாத்தா, இங்கன ஒரு பெரச்சன..."

"எப்ப வரணும்?"

"நான் இன்னும் என்னன்னே சொல்லலியே?"

"எலே ஜெயினு, நீ கூப்பிட்டு நான் வராம இருப்பனா? நாளைக்கே வாரேன்."

என் கண் கலங்கிவிட்டது. ரத்தபாசம் என்றால் இதுவல்லவா? போனை வைத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. இந்த மாதிரி விமான உதவியில் ஒரு முக்கியமான ஆள் உண்டு. அவன் விமானி அல்ல. ரேடியோவை வைத்துக்கொண்டு தரையில் நிற்கிறவன். நம்மாள் இங்கே இருக்கிறான், எதிரி அங்கே இருக்கிறான், இந்த இடத்தில் போடு என்று அவன்தான் மேலே சொல்ல வேண்டும். அவன் சொன்ன இடத்தில்தான் விமானம் அடிக்கும். நான் லாத்தாவிடம் இடம் சொல்லவில்லை. பரவாயில்லை, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புத்திசாலித்தனம்!

நூர் நிஷாவிடம் சேதியைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படியே அடுப்பங்கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு? மைனியா? இங்கனயா?"

"ஆமா. எங்க லாத்தா. நாளைக்கு."

"யா அல்லா! நான் எந்தச் செவுத்துல போய் முட்டுவேன்! எத்தன நாளைக்கு?"

"மாசக்கணக்குல இருப்பா" என்று சிங்கம் போலச் சொன்னேன்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"எங்க படுப்பாவ?"

இந்தக் கேள்வி என் நோட்டில் இல்லை.

தாராவியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இது எழுதாத சட்டம். ஊரிலிருந்து வந்த ஆளுக்குத்தான் மாளா. வீட்டுக்காரன் கீழே. மேலேதான் ஃபேன், மேலேதான் ஜன்னல். வந்த ஆளைக் கீழே போட்டால் அடுத்த வாரம் திருநெல்வேலி வரைக்கும் சேதி போய்விடும்.

"ஒங்க லாத்தாவ அடுப்படிக்குப் பக்கத்துல படுக்க வைக்கப் போறியளா?" என்றாள். "தம்பி என்னத் தரையில போட்டான்னு மைனி ஊர் பூரா சொல்லமாட்டாவளா? எனக்கென்ன, எனக்கு ஏற்கெனவே கெட்ட பேருதான். ஒங்க பேரும் போவட்டும்."

விமானப்படையைக் கூப்பிட்டேன். அது இறங்க ஒரு ஓடுதளம் வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். என்னிடம் இருந்த ஒரே ஓடுதளம் எதைக் காப்பாற்ற அதைக் கூப்பிட்டேனோ அந்த மாளாதான்.

பதினான்கு விமானங்களையும் நானே ஒவ்வொன்றாக ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் அடுக்கி, நானே ஏணியில் இறக்கி, நானே கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இது பின்வாங்கல் இல்லை, தற்காலிக இடமாற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூர் நிஷா பெட்டியைப் பிடிக்க ஒரு கை கொடுத்தாள். அதில்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்கு லாத்தா வந்தாள். ரயிலில் அல்ல. டெம்போவில். சந்துக்குள் டெம்போ வராது என்பதால் முனையில் நின்றது. ஓடினேன். இறக்கினால், மூட்டை. மேலும் மூட்டை. எண்ணினேன். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அண்ணாச்சி!" என்று தெருவிலிருந்தே கத்தினேன். "பதினொண்ணு! சரியாப் பதினொண்ணு!"

கணேசபாண்டியன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். அவருக்குப் பொறாமை.

பதினோரு மூட்டையையும் மாளாவில் ஏற்றியது யார் என்று கேளுங்கள். நான்தான். ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். மூன்று மூட்டைகளில் உள்ளே இரும்பு மாதிரி ஏதோ முட்டியது. கேட்கவில்லை. விமானியிடம் போய் என்ன குண்டு வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்பார்களா? கொண்டு வந்திருக்கிறாளே, அதுவே பெரிசு. எட்டாவது மூட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினோராவதில் கழுத்தும் பிடித்துக்கொண்டது. பத்து வருடமாக மூட்டுவலி என்று ரயில்வே படிக்கட்டுகூட ஏறாத லாத்தா, அந்த இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறியதையும் பார்த்தேன். தம்பிக்காக வலியைப் பொறுத்துக்கொள்கிறாள் என்று உருகினேன்.

அன்று மத்தியானமே முதல் தாக்குதல் தொடங்கியது.

"இது என்ன கொழம்பா, கழனித் தண்ணியா?" என்றாள் லாத்தா.

"ஒங்க வீட்டு பிரியாணிய விட உப்பு இருக்கு" என்றாள் நூர் நிஷா.

"எலே ஜெயினு, ஒம் பொண்டாட்டி பேச்சக் கேட்டியா?"

கேட்டேன். தேன் வந்து காதில் பாய்ந்தது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் போர். நான் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன். காலையில் விசில் அடித்துக்கொண்டு கார்கானாவுக்குப் போனேன். இப்படி இன்னும் பத்து நாள் போனால் நூர் நிஷா வெள்ளைக்கொடி காட்டுவாள். லாத்தாவை மரியாதையாக ரயிலேற்றுவேன். என் விமானங்கள் மேலே போகும். அண்ணாச்சி முகத்தில் கரியைப் பூசுவேன். எல்லாம் திட்டப்படி நடந்தது. யாருடைய திட்டப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வியாழக்கிழமை மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய், பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்க வந்தேன். கீழே யாரும் இல்லை. சண்டைச் சத்தம் இல்லை. ஆனால் மேலே மாளாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டகடகடகடகடக.

வேறு எவனாவது என்றால் ஏமாறுவான். நான் முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து சோறு தின்பவன். தையல் மெஷின். அதுவும் ஒன்றல்ல.

ஏணியில் ஏறித் தலையை நீட்டினேன். நீட்டிய தலையில் பூப்போட்ட நைட்டி ஒன்று வந்து விழுந்தது. அதை விலக்கிப் பார்த்தேன். சுவரோரம் மூன்று மெஷின். ஒன்றில் நூர் நிஷா. ஒன்றில் லாத்தா. மூன்றாவதில் மாரீஸ்வரி. ஆமாம், கணேசபாண்டியன் அண்ணாச்சியின் சம்சாரம். சுற்றிலும் துணி. என் முதுகில் ஏறி வந்த பதினோரு மூட்டையும் பிரிந்து கிடந்தன. என் ஃபேன் அவர்களுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நூர் நிஷா சிரித்துக்கொண்டே லாத்தா வாயில் ஒரு முறுக்குத் துண்டை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது!" என்று கத்தினேன்.

"நைட்டி" என்றாள் லாத்தா, முறுக்கைக் கடித்துக்கொண்டே. "எக்ஸ்எல் சைசு."

"லாத்தா! நீ எங்கட்சியில்லியா? நான் கூப்பிட்டுத்தான வந்த?"

"நூரு சொன்னா, நீ கூப்பிடுவன்னு. நீயும் கூப்பிட்ட. நானும் வந்தேன்."

"ஒங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சே கெடையாதே!"

நூர் நிஷா மெஷினை நிறுத்தினாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"எட்டு மாசமாப் பேசுதோம். ஒங்க காக்கா பேரப்புள்ளைக்கு அகீகா விருந்து வச்சாவளே, அன்னிக்கே ராசியாயிட்டோம். மைனி அழுதாவ, நானும் அழுதேன். ஊரே பாத்துச்சி."

"நான் எங்க இருந்தேன்?"

"கை கழுவுற எடத்துல யாரோ ஒரு மனுசனப் புடிச்சி நிறுத்தி வச்சி, எறக்கை எவ்ளோ நீளம்னு கையை விரிச்சிக் காட்டிக்கிட்டு இருந்திய. அந்த மனுசன் சோறே திங்கல."

"அதுக்குப் பொறவு? எனக்குத் தெரியாம எப்படிப் பேசுனிய?"

"தெரியாமலா? தெனமும் உங்க பக்கத்துல உக்காந்துதான் பேசுனேன். நைட்டி தைக்கது, துணி மைனி வீட்டுலருந்து வாரது, மெஷினு எங்க வாங்குறது, எல்லாம் உங்க காதுக்கிட்டதான். உங்க காதுல ஹெட்போனு. உங்க போன்ல விமானம்."

"அப்ப காக்கா?"

"பெரிய மச்சான்ட்ட நாந்தான் மொதல்லயே சொல்லி வச்சேன். பாவம், மீட்டிங்க விட்டுட்டு வந்தாவ."

இரண்டு விமானம். இரண்டுக்கும் ரேடியோ ஒருத்தி கையில். நான் தரையில் நிற்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வெறும் தரை.

"இதுக்கு எதுக்கு நாந்தான் கூப்பிடணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "மூட்டையெல்லாம் நீயே ஏத்த வேண்டியதுதான?"

"நான் மைனியக் கூப்பிட்டிருந்தா மாளாவத் தந்திருப்பியளா? ஆயிரம் கேள்வி கேட்டிருப்பிய. இப்ப பாருங்க. நீங்களே கூப்பிட்டிய. நீங்களே காலி பண்ணுனிய. நீங்களே ஏத்துனிய. எனக்கு ஒரு பேச்சு உண்டா?" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருசமாக் கேக்கேன். ஒரு தடவையாச்சும் ஹெட்போனக் கழத்திட்டுக் கேட்டிருந்தியன்னா, இத்தன வேல மெனக்கெட்டிருக்க மாட்டேன்."

இரண்டு வருடமாகக் கேட்டாளாம்! என் காதில் விழவே இல்லை. அதற்கு நான் பொறுப்பா? ஹெட்போன் கம்பெனிக்காரன் பொறுப்பா? இருந்தாலும் அந்த இடத்தில் என் கோபம் ஒரு நிமிஷம் தடுக்கி விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் என் கட்சிக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி! ஓடி வாங்க! அநியாயம் நடக்கு!"

ஏணியில் தடதடவென்று சத்தம். ஓட்டையில் கணேசபாண்டியன் தலை முளைத்தது. பார்த்தார். மூன்றாவது மெஷினைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ இங்கன என்ன செய்யுத?"

"தைக்கேன்" என்றாள் மாரீஸ்வரி, நிமிராமல். "நாளைக்கு மாவுக்கு உளுந்து ஊறப்போட்டாச்சா? போயி போடுங்க."

தலை மறைந்தது. மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் மறைந்தது. சுகோயைப் பற்றி அவர் சொன்னதில் அது ஒன்றாவது உண்மைதான்.

சரி, மாளா போனது. மானத்தையாவது எடுத்துக்கொண்டு இறங்குவோம் என்று திரும்பியபோதுதான் அதைக் கண்டேன். லாத்தாவின் மெஷினுக்குப் பக்கத்தில், என் ஏ-10. கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் இருக்க வேண்டிய என் ஏ-10. சாம்பல் நிற ரெக்ஸினில், நான் மூன்று வாரம் உட்கார்ந்து இழை இழையாகத் தைத்த என் ஏ-10. அதன் முதுகெல்லாம் குண்டூசி. இறக்கையெல்லாம் ஊசி. மூக்கில் ஒரு கோணி ஊசி.

"லாத்தா!" என்று அலறினேன். "அது ஊசி குத்துற சாமான் இல்ல!"

"நல்லாக் குத்துதே" என்றாள் லாத்தா. "உள்ள ஸ்பாஞ்சுலே. கடையில விக்கிறதவிட இதுதான் தோது. எதுல செஞ்ச? இது என்ன பிராணி?"

நான் பாய்ந்து பிடுங்கப் போனேன். நூர் நிஷா என் காதருகே குனிந்தாள்.

"பிடுங்குங்க. ஆனா அதுக்கு அமெரிக்காக்காரன் என்ன பேரு வச்சிருக்கான்னு மைனிட்ட சொல்லிருவேன். மாரீஸ்வரி எல்லாஞ் சொல்லிட்டா. பொறவு வாப்பா வீட்டுப் பேரக் கெடுத்துட்டான்னு மைனி ஒங்கள மூணு தலைமுறைக்கு ஏசுவாவ."

என் கை அந்தரத்தில் நின்றது. லாத்தா இன்னொரு குண்டூசியை எடுத்து, இடம் பார்த்து, என் விமானத்தின் டைட்டானியத் தொட்டி இருக்கும் இடத்தில் குறிவைத்தாள். என் நெஞ்சிலேயே குறிவைப்பது போல இருந்தது.

"லாத்தா, வேண்டாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. "ஓட்ட விழுதே, லாத்தா..."

நூர் நிஷா மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள்.

"எத்தன ஓட்ட விழுந்தாலும் பத்திரமா வீடு திரும்பும்னு வாராவாரம் சொன்னது நீங்கதான? குத்துங்க மைனி."